காத்மாண்டுவில் ஏழு நாள்: எடுத்து வரக் கூடாதவை

முதல் நாள், புதன்

கும்பகோணத்தில் எங்களை வழியனுப்பும்போது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. பூசையில் வைப்பதற்கு நேபாளத்திலிருந்து உமாமகேசுவரர் திருமேனி ஒன்று வாங்கி வர வேண்டும், சிறியதாக இருந்தால் போதும், ஆனால் பழையதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது என்றார். பல கைகளால் பூசை செய்யப்பட்ட திருமேனியில் அருள் கூடுதலாக இருக்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை மறுத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் நேபாளத்திலிருந்து எவ்விதத்திலும் எடுத்து வரக் கூடாதது அந்தப் பழைய திருமேனிதான் என்பதைப் பயணத்துக்கு முன்பே ஓரளவு படித்து வைத்திருந்தேன். இந்த ஏழு நாளும் கோயில்களைப் பற்றி எழுதும்போதே, ஒரு பயணி அந்த நாட்டிலிருந்து எதை எடுத்து வரலாம், எதை எடுத்து வரக் கூடாது, ஏன் கூடாது என்பதையும் எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அக்காவும் அத்தானும் உடன் வந்திருக்கிறார்கள். தில்லி வழியாக விமானத்தில் வந்து, மாலையிலேயே பசுபதிநாதரைத் தரிசித்தோம். பாகுமதி ஆற்றங்கரை ஆரத்தியைப் பார்த்துவிட்டு வெளியே வரும் வழியில் உருத்திராக்க மாலைகளோடு சாளக்கிராமங்களையும் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கருங்கல் போன்ற உருண்டையை இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் சுருளைக் காட்டினார் ஒருவர். முக்திநாத்துக்குப் போக இயலாதவர்களுக்காக என்றார். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்ற திருத்தலத்தின் பெயரைக் கேட்டாலே அக்காவுக்குக் கண் கலங்கும். இருந்தும் அவர் வாங்கவில்லை. சாளக்கிராமத்தை விலைக்கு வாங்கக் கூடாது, பெரியவர்கள் கையால் வந்து சேர வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் வழக்கம். சட்டத்துக்கு முன்பே வழக்கம் கையைத் தடுத்து நிறுத்துகிற இடங்களும் உண்டு என்று எண்ணிக்கொண்டு அறைக்குத் திரும்பினோம்.

இரண்டாம் நாள், வியாழன்

காலையில் வசந்தபூர் அரண்மனைச் சதுக்கத்துக்குப் போனோம். 2015 ஏப்ரல் 25 அன்று வந்த 7.8 அளவுள்ள நிலநடுக்கத்தில் இந்தச் சதுக்கத்தின் கோயில்கள் பல விழுந்தன. காத்மாண்டு என்ற ஊர்ப்பெயருக்கே காரணமான காஷ்டமண்டபமும் முழுவதுமாகச் சரிந்தது. இன்று அது பழைய முறையிலேயே மரத்தால் மீண்டும் எழுப்பப்பட்டு நிற்கிறது. எங்களுடன் வந்த வழிகாட்டி, காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் இனத்து இளைஞர். போபாலில் இருந்த காலத்தில் நான் கற்ற இந்தி அவருக்குப் போதுமாக இருந்தது. கூரையின் இறவாணத்தைத் தாங்கும் சாய்வான செதுக்கு மரங்களை இங்கே டுண்டல் என்கிறார்கள். ஒவ்வொரு டுண்டலிலும் ஒரு தெய்வம் நிற்கிறது. நிலநடுக்கத்துக்குப் பிறகான நாள்களில், காத்மாண்டுவை ஒட்டிய பாட்டன் என்ற பழைய நகரில் அக்கம்பக்கத்து மக்களே இடிபாடுகளில் இறங்கி, இப்படிப்பட்ட மரங்களையும் கற்களையும் பொறுக்கி அரண்மனை வளாகத்துக்குள் கொண்டு போய் அடுக்கிக் காத்தார்கள் என்றார். உயிர்ச்சேதம் நடந்த ஊரில், தன் வீடு நிற்குமா என்று தெரியாத நிலையில், கோயில் மரத்தைக் காப்பதற்கு மனிதர்கள் நேரம் ஒதுக்கினார்கள் என்பதை நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சதுக்கத்துக்கு அருகில் திறந்தவெளியில் தரையில் துணி விரித்து நினைவுப் பொருள் விற்கிறார்கள். மணிகள், முகமூடிகள், வச்சிரம், சிறு விளக்குகள், ஒலிக்கும் கிண்ணங்கள் என்று எல்லாம் இருந்தன. அக்கா சிறிய விளக்கு ஒன்றைக் கையில் எடுத்ததும், விற்பவர் குரலைத் தாழ்த்தி, அதைவிட நல்லது இருக்கிறது என்று சொல்லித் துணிப்பை ஒன்றை அவிழ்த்தார். தேய்ந்த வெள்ளி நாணயங்கள் சிலவும், முகம் மழுங்கிப்போன விரல் நீளத் திருமேனி ஒன்றும் அதில் இருந்தன. இந்தப் பள்ளத்தாக்கை முன்பு ஆண்ட மல்ல மன்னர்கள் காலத்தவை, இருநூறு முந்நூறு ஆண்டு பழையவை என்றார். விமான நிலையத்தில் கேட்டால் நேற்று வாங்கிய பொம்மை என்று சொல்லிவிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவர் சொன்னதில் இரண்டில் ஒன்று மட்டுமே உண்மையாக இருக்க முடியும். அந்தப் பொருள்கள் புதியவையாக இருந்தால் அவர் எங்களிடம் பொய் சொல்கிறார். செம்பில் வார்த்த புதுத் திருமேனிக்குப் புகையூட்டி, மண்ணில் புதைத்து, அமிலம் தடவிப் பழையதாக்குவது இங்கே பலருக்குத் தெரிந்த தொழில் என்று வழிகாட்டி பிறகு சொன்னார். பொருள்கள் உண்மையிலேயே பழையவையாக இருந்தால், அவற்றை நாங்கள் நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது குற்றம். 1956-இல், அதாவது நேபாளத்தில் வழங்கும் விக்ரம் ஆண்டுக் கணக்கில் 2013-இல், நேபாளம் இயற்றிய பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அரசின் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆக இரண்டு வழியிலும் அந்தத் துணிப்பையில் எங்களுக்கு உரியது எதுவும் இல்லை.

நேபாள அரசு ஏற்றுமதிக்குத் தடை விதித்திருக்கும் பொருள்களின் பட்டியலைப் படித்தால், ஒரு நாடு தன் வாழ்க்கையில் எவற்றை விட்டுக்கொடுக்க முடியாது என்று நினைக்கிறதோ அவை வரிசையாகத் தெரிகின்றன. தொல்லியல் மதிப்புள்ள உள்நாட்டு, வெளிநாட்டு நாணயங்கள், தெய்வத் திருவுருவங்கள், பனையோலையிலும் பூர்ச்ச மரப் பட்டையிலும் எழுதிய சுவடிகள், வரலாற்று மதிப்புள்ள சுருள் ஓவியங்கள், காட்டு விலங்குகள், அவற்றின் பித்தம், உறுப்புகள், கஸ்தூரி, பாம்புத் தோல், பல்லித் தோல், போதைப் பொருள், வெடிபொருள், பதப்படுத்தாத தோலும் கம்பளி மயிரும், மாமிரா என்ற மூலிகை, மரக்கட்டை. அருங்காட்சியகத்துக்குரியதும் காட்டுக்குரியதும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருப்பது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. இரண்டுமே ஒருமுறை போனால் அதே இடத்தில் மறுபடி முளைக்காதவை.

அக்கா விளக்கைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நம்ம ஊர்லயும் இப்படிச் சட்டம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பமோ உலோகப் பொருளோ தொல்பொருள் ஆகும். சுவடி என்றால் எழுபத்தைந்து ஆண்டு போதும். அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு, தனி மனிதருக்குக் கிடையாது. இதைச் சொன்னதும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். அவர் மகன் டெக்சாஸில் வேலை செய்கிறான். எங்கள் கொள்ளுப்பாட்டி சீராகக் கொண்டு வந்த வெண்கலக் குத்துவிளக்கை அவன் புது வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதாக அக்கா வாக்குக் கொடுத்திருப்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள், வெள்ளி

இன்றைக்குப் பாட்டன். இந்தப் பயணத்தில் நான் மிகவும் காண விரும்பிய இடம் அரண்மனைச் சதுக்கத்தில் இல்லை. அதிலிருந்து சிறிது தொலைவில், பாட்கோ தெருவில் இருக்கும் சிறிய நாராயணன் கோயில். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அந்தத் தெருவுக்கு வருவதில்லை. உள்ளே இருப்பது கற்சிலை. வலப்பாதி விஷ்ணு, இடப்பாதி இலக்குமி. வாசுதேவ கமலஜா என்று பெயர். அர்த்தநாரியைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, ஒரே உடலில் திருமாலும் திருமகளும் நிற்பது புதுமையாகவும் அதே நேரத்தில் நன்கு தெரிந்ததாகவும் தோன்றுகிறது.

இந்தச் சிலை 1984-இல் திருடு போனது. 1990-இல் நியூயார்க்கின் ஏல நிறுவனம் ஒன்றில் விற்கப்பட்டு, வாங்கியவர் அதை டல்லாஸ் கலை அருங்காட்சியகத்துக்கு இரவலாகக் கொடுத்தார். சுமார் முப்பது ஆண்டுகள் அங்கே காட்சிக்கு இருந்தது. இங்கே மக்கள் சிலையின் நகல் ஒன்றைச் செய்து வைத்து அதற்குப் பூசையைத் தொடர்ந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் 2019-இல் சமூக வலைத்தளத்தில் கேள்வி எழுப்பிய பிறகு விசாரணை நடந்து, 2021 மார்ச்சில் சிலை நேபாளத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஊர்வலமாக எடுத்து வந்து, எடுக்கப்பட்ட அதே பீடத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார்கள்.

கடைசி வாக்கியத்தை எழுதும்போது எனக்குள் இருக்கும் ஆற்றாமையையும் சொல்லிவிட வேண்டும். 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்ரீபுரந்தான் நடராசரும் விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் திரும்பி வந்தபோது எங்கள் பகுதியில் எத்தனை மகிழ்ச்சி இருந்தது என்பதை நேரில் பார்த்தவன் நான். ஆனால் தமிழ்நாட்டில் மீட்கப்பட்ட திருமேனிகள் பல, பாதுகாப்புக் காரணத்தால் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. காவல் இல்லாத சிற்றூர்க் கோயிலில் மீண்டும் வைத்தால் மீண்டும் போய்விடுமே என்ற அச்சம் நியாயமானது. அதை நான் குறை சொல்லவில்லை. இருந்தாலும் பாட்கோ தெருவில், பால் வாங்கிக்கொண்டு போகிற பெண்மணி நின்று, செருப்பைக் கழற்றி, திரும்பி வந்த அந்தக் கல்லின் முன் குனிந்துவிட்டுப் போவதைப் பார்த்தபோது, மீட்பு என்ற சொல்லின் முழுப் பொருள் இதுதான் என்று பட்டது.

பிற்பகலில் பாட்டன் அருங்காட்சியகம். பழைய அரண்மனையின் ஒரு பகுதியைச் சீரமைத்து 1997-இல் திறந்தார்கள். அங்கே, துலிகேல் என்ற ஊரிலிருந்து 1980-களில் திருடப்பட்டு, பெர்லின் அருங்காட்சியகத்திலிருந்து 2000-இல் திரும்பி வந்த உமாமகேசுவரர் கற்பலகை ஒன்று உண்டு. கயிலையில் சிவனும் உமையும் அமர்ந்திருக்க, சுற்றிலும் கணங்கள் நெருக்கமாக நிற்கிறார்கள். அம்மா கேட்ட அதே உருவம். இதை வாங்கியவரும் பழையதாக இருந்தால் நல்லது என்று நினைத்துத்தான் வாங்கியிருப்பார் என்ற எண்ணம் வந்ததும் மனம் கனத்துவிட்டது. பர்பிங் ஊரில் வீணை ஏந்திய சரசுவதி கற்சிலை ஒன்றின் தலையை மட்டும் அறுத்து எடுத்துப் போனார்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவர் தானாகவே திருப்பிக் கொடுத்த நான்கு சிற்பங்களில் ஒன்றாக அந்தத் தலை 1999-இல் நாடு திரும்பியது. வாங்குபவர் இல்லாமல் எவரும் இரவில் ரம்பம் எடுத்து வந்து கல்லை அறுக்க மாட்டார்.

இவற்றையெல்லாம் இன்னாருடையது என்று எப்படி நிறுவினார்கள் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டும். ஓவியரும் கலை வரலாற்றாளருமான லைன் சிங் பங்தேல், பள்ளத்தாக்கின் சிற்பங்கள் அவை நின்ற இடத்திலேயே இருந்தபோது எடுத்த படங்களைத் திரட்டி 1989-இல் வெளியிட்டார். கோயில் மாடத்தில் பூவும் குங்குமமுமாக நிற்கும் சிலையின் படம் கையில் இருந்தால், அருங்காட்சியகத்தின் விளக்கு வெளிச்சத்தில் நிற்பதும் அதுவே என்று காட்டிவிடலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-கள் தொடங்கித் தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுத்து வைத்த படங்கள் நம் திருமேனிகளுக்குச் செய்த உதவியும் இதுவே. உங்கள் ஊர்க் கோயில் திருமேனியை, அர்ச்சகர் அனுமதித்தால், தெளிவாக ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்திருங்கள்.

நான்காம் நாள், சனி

சனிக்கிழமை இங்கே அரசு விடுமுறை. தொல்லியல் துறை அலுவலகம் திறந்திருக்காது என்பதால் திருமேனி வாங்கும் வேலையை இன்று முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தோம்.

பாட்டனில் மகாபௌத்தம் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் சாக்கியக் குடும்பத்தார் திருமேனி வார்க்கிறார்கள். வழிகாட்டியின் உறவினர் வீட்டுப் பட்டறைக்குப் போனோம். மாடியில் பெண்கள் மெழுகில் விரல்களையும் நகைகளையும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே முற்றத்தில் களிமண் பூசிய அச்சுகள் காய்ந்துகொண்டிருந்தன. சுவாமிமலைக்குப் பக்கத்தில் பிறந்த எனக்கு இந்த வாசனை புதியதல்ல. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகை ஓட விட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை இரண்டு ஊருக்கும் பொது. ஆனால் நம் ஸ்தபதிகள் உள்ளே வெற்றிடம் இல்லாமல் கனமாக வார்ப்பார்கள்; இங்கே பெரும்பாலும் உள்ளே பொள்ளலாக வார்க்கிறார்கள், உலோகமும் பெரும்பங்கு செம்பே. வார்த்த பின் பாதரசத்தில் கரைத்த பொன்னைப் பூசி நெருப்பில் வாட்டிப் பொன்முலாம் ஏற்றுகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கைவினைஞர் குழுவுடன் திபெத்துக்குப் போய், பின்பு மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அவையில் இடம் பெற்று, இன்று பெய்ஜிங்கில் நிற்கும் வெள்ளைத் தூபியை எழுப்பிய அர்னிகோவின் மரபினர் நாங்கள் என்று பட்டறைப் பெரியவர் பெருமையோடு சொன்னார். அந்தப் பெருமைக்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

ஒரு சாண் உயர உமாமகேசுவரர் எங்களுக்குப் பிடித்துவிட்டது. உமையின் இடக்கை சிவனின் முழங்காலில் படிந்திருக்கும் விதம் அக்காவை அங்கிருந்து நகரவிடவில்லை. பெரியவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. இதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தொல்லியல் துறையின் சான்று வாங்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும், கட்டாயம் வேண்டும் என்றார். நேற்று வார்த்த திருமேனிக்கு எதற்குச் சான்று என்று அத்தான் வியந்தார். பெரியவர் அடுப்பங்கரைப் பக்கம் போய், புகையேற்றிக் கறுத்த இன்னொரு திருமேனியைக் கொண்டு வந்து எங்கள் திருமேனிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் சென்ற மாதம் ஒரே நாளில் வார்த்தவை. சில வாங்குபவர்களுக்குப் பழைய நிறம் பிடிக்கிறது, அதனால் இப்படிச் செய்கிறோம் என்றார். கறுத்தது முந்நூறு ஆண்டுப் பழையதாகவே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. விமான நிலையச் சுங்கச் சோதனையில் நிற்கும் அலுவலர் எங்களைவிட எவ்வளவு தேர்ந்த கண் உடையவராக இருந்தாலும், பெட்டிகள் வரிசையில் நகர்ந்துகொண்டிருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆகவே அறிந்தவர்கள் முன்கூட்டியே பார்த்து, இது புதியது என்று எழுத்தில் கொடுத்துவிடுகிறார்கள்.

பழைய நிறத்தைக் கேட்பவர்களிடம் பட்டறைக்காரர்கள் அதை விற்பதில் தவறில்லை. அதைப் பழம்பொருள் என்று சொல்லி விற்பதே தவறு. அந்தப் பெரியவர் அப்படிச் சொல்லவில்லை. செய்த மாதத்தையும் உலோகத்தையும் குறித்து ரசீது எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நாங்கள் பளபளப்பானதையே வாங்கினோம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. அசன் சந்தையிலும் தமேல் கடைகளிலும் கழிந்தது.

வழியில் ‘இடும் பகால்’ என்ற இடத்துக்குள் நுழைந்தோம். நடுவே பெரிய முற்றம் உள்ள பழைய பௌத்த விகாரை. இங்கிருந்து 1999-இல் காணாமற்போன மரத்தாலான கந்தர்வர் உருவம் நியூயார்க்கின் ரூபின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்து, 2022-இல் திருப்பிக் கொடுக்கப்பட்டது. யம்பி மகாவிகாரையின் தோரணத் துண்டு ஒன்றையும் அதே சமயம் திருப்பித் தந்தார்கள். முற்றத்தில் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அசனில் மூலிகை விற்பவர்கள் சாக்கு சாக்காக வேர்களை வைத்திருக்கிறார்கள். அத்தானுக்குச் சித்த மருந்துகளில் ஈடுபாடு உண்டு. சடாமாஞ்சில் வேரை முகர்ந்து பார்த்து, கூந்தல் தைலத்துக்கு இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளலாம் என்றார். இமயத்தின் உயரமான சரிவுகளில் மெதுவாக வளரும் இந்தச் செடியை வேரோடு பிடுங்கினால்தான் மருந்து கிடைக்கும். பிடுங்கினால் செடி முடிந்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் 1997-இல் சடாமாஞ்சில் சேர்க்கப்பட்டது. நேபாளமும் பதப்படுத்தாத சடாமாஞ்சில், சர்ப்பகந்தி போன்றவற்றை வனத்துறை அனுமதியின்றி வெளியே அனுப்ப விடுவதில்லை. பஞ்சௌன்லே என்ற நிலவாழ் ஆர்க்கிட் கிழங்கைத் தோண்டுவதற்கே தடை உண்டு. அத்தான் வேரைச் சாக்கிலேயே திரும்ப வைத்தார். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதைக் கிடைக்கும் அளவுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

தமேலில் சால்வைக் கடை. பஷ்மினா என்பது ஆட்டின் உள்மயிர். வளர்க்கும் ஆட்டிலிருந்து சீவி எடுப்பது. அதை வாங்கலாம், கொண்டும் வரலாம். ஷாதூஷ் என்பது வேறு. திபெத்துப் பீடபூமியில் வாழும் சிரு என்ற மான் போன்ற விலங்கின் மயிர் அது. அந்த விலங்கைக் கொல்லாமல் அந்த மயிரை எடுக்க முடியாது, ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து உயிர்கள் போகும். மேற்சொன்ன உடன்படிக்கையின்படி 1979 முதல் அதன் பன்னாட்டு வணிகம் முற்றிலும் தடை. சால்வையை மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டி யாராவது பெருமை பேசினால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நேபாளத்தின் தேசியப் பூங்காக்கள் மற்றும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1973-ஆம் ஆண்டுக்குரியது. புலி, காண்டாமிருகம், பனிச்சிறுத்தை, கஸ்தூரி மான் ஆகியவற்றின் உறுப்புகள் தொடர்பான குற்றங்களுக்கு ஐந்து முதல் பதினைந்து ஆண்டு வரை சிறையும், ஐந்து முதல் பத்து இலட்சம் நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. தாயத்துக்குள் வைக்கச் சிறிது கஸ்தூரி, புலி நகம் ஒன்று என்று கேட்டு அனுப்புகிற உறவினர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

ஆறாம் நாள், திங்கள்

திருமேனியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, காலையிலேயே ராம்சா பாதையில் இருக்கும் தொல்லியல் துறைக்குப் போனோம். தேசிய ஆவணக் காப்பகமும் அங்கேதான். கடைக்காரர்கள் பலர் மூட்டை மூட்டையாகத் திருமேனிகளையும், துணியில் வரையும் தங்கா என்ற பௌத்த ஓவியங்களையும் கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புகிற வணிகர்களுக்கு இது அன்றாட வேலை. எங்களைப் போல் ஒற்றைத் திருமேனியோடு வந்த பயணிகள் இரண்டு மூன்று பேரே இருந்தோம்; பெரும்பாலோர் கடைக்காரரிடமே இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அப்படி விட்டாலும், சான்று உங்கள் பொருளுக்கு உரியதுதானா என்பதைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிசோதித்த அலுவலர் நடுத்தர வயதுப் பெண்மணி. ரசீதைப் படித்தார்; திருமேனியைக் கையில் எடுத்து முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, கவிழ்த்து அடிப்பீடத்தைப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். பிறகு உமையின் பாதத்தின் அடியிலும் நந்தியின் கழுத்து மடிப்பிலும் கண்ணை வைத்துப் பார்த்தார். எதைத் தேடுகிறீர்கள் என்று இந்தியில் கேட்டேன். மேற்பரப்பைப் பழையதாக்கலாம், ஆனால் பல ஆண்டுகளாகக் கை தொட்டுத் தேய்ந்த தேய்மானம் எங்கே வர வேண்டுமோ அங்கேதான் வரும், குங்குமமும் எண்ணெயும் மடிப்புக்குள் இறங்கிக் கெட்டியாகியிருக்கும், அதைச் செய்து காட்டுவது கடினம் என்றார். பழையதைப் புதியது போல் பொன்முலாம் பூசிக் கொண்டு வருகிறவர்களும் உண்டு, அவர்களுக்காகவே அடிப்பீடத்தைப் பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

எனக்கு அந்தப் பதில் பெரிய பாடமாக இருந்தது. அம்மா பழைய திருமேனியில் தேடியதும் அந்த அலுவலர் தேடியதும் ஒன்றே: பூசை செய்த கைகளின் தடம். அம்மா அதை அருள் என்பார். அலுவலர் அதைச் சான்று என்கிறார். அந்தத் தடம் இருந்தால் திருமேனிக்கு ஒரு வீடு இருந்தது, ஒரு தெரு இருந்தது, அதைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கக்கூடும் என்று பொருள். எங்கள் கும்பகோணத்துக்கு அருகில் உள்ள சிவபுரத்து நடராசரைச் செப்பனிடக் கொண்டுபோன இடத்தில் நகலை மாற்றி வைத்துவிட்டு அசலை விற்றுவிட்டார்கள். அது 1973-இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் கைக்குப் போய், நெடிய வழக்குக்குப் பிறகு 1986-இல் தான் திரும்பியது. உண்மை வெளிவரும் வரை சிவபுரத்து மக்கள் தாங்கள் கும்பிடுவது நகல் என்று அறியாமலே கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்கோ தெருவில் நகல் என்று அறிந்தே கும்பிட்டார்கள். எது கூடுதல் வேதனை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சிறிய கட்டணம் கட்டியதும் முத்திரையிட்ட சான்று கைக்கு வந்தது. மொத்தமாக அரைநாள்கூட ஆகவில்லை. ஊர் சுற்றும் நேரம் வீணாகிறதே என்று இதைத் தவிர்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த அலுவலகத்தில் கழித்த காலைப் பொழுது எனக்கு எந்தக் கோயிலிலும் கழித்த பொழுதுக்குக் குறைந்ததல்ல.

ஏழாம் நாள், செவ்வாய்

திரிபுவன் விமான நிலையம். திருமேனியைக் கைப்பையில் வைத்திருந்தோம். சோதனைக் கருவியில் பை போனதும் நிறுத்தினார்கள், எதிர்பார்த்ததுதான். சான்றையும் ரசீதையும் கொடுத்தேன். திருமேனியைச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் திருப்பிக் கொடுத்தார்கள். பக்கத்து மேசையில் வேற்று நாட்டு இணையர் ஒருவரின் பெட்டி திறந்திருந்தது. செய்தித்தாளில் சுற்றிய மரச் செதுக்கல் ஒன்றை அலுவலர் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசீது இருக்கிறது, கடையில் விலை கொடுத்து வாங்கியது என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னார். கடை ரசீது விலைக்குச் சான்றே தவிர, பொருளின் வயதுக்குச் சான்று ஆகாது. அவர்களை உள்ளறைக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. அவர்கள் ஏமாற்றுகிறவர்களாக எனக்குத் தோன்றவில்லை. யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்றே தோன்றியது.

தில்லியில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது அக்கா குத்துவிளக்கின் பேச்சை எடுத்தார். கொள்ளுப்பாட்டியின் திருமணம் முதல் உலகப் போருக்கு முன்பு நடந்தது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆக விளக்குக்கு நூறு வயது கடந்துவிட்டது. நூறு ஆண்டுக்கு உட்பட்ட பொருள் என்றால், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெற்று அனுப்பலாம். சுவாமிமலைத் திருமேனிகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கடந்துவிட்ட பொருளுக்கு அந்த வழி இல்லை. இருந்தாலும் கணக்கு தவறாக இருக்கலாம், சென்னைக் கோட்டையில் இருக்கும் அலுவலகத்தில் காட்டிக் கேட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன்.

அக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்து மகனை அழைத்தார். அங்கே பின்னிரவு, அவன் தூக்கத்தில் எடுத்தான். "கண்ணு, பாட்டி விளக்கு அங்க வராதுப்பா. நீ ஊருக்கு வர்றப்ப ஏத்து. உனக்கு நாச்சியார்கோயில்ல புதுசா ஒண்ணு பண்ணச் சொல்லி அனுப்புறேன்" என்றார். அவன் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனை அடி உயரம் வேண்டும் என்று அக்கா அடுத்துக் கேட்டார்.